தம்பி, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சம்பளக் கணக்கை முடித்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில், சிங்கப்பூரில் எங்கள் துவாஸ் சைட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார்.

"அக்கா, பி.ஈ. முடிச்சிட்டேன். இ-பாஸுக்குப் போடலாமா?"

முகமெல்லாம் சிரிப்பு. இ-பாஸ் என்றால் சிங்கப்பூரில் உயர்நிலை வேலைக்கு வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் அனுமதி. சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். மெக்கானிக்கல், 2019 முதல் 2022 வரை, ரெகுலர், முதல் வகுப்பு. அந்த மூன்று வருடமும் அவர் என் சம்பளப் பட்டியலில் இருந்தவர். 2020இல் கொரோனாவால் தங்குவிடுதியை விட்டு வெளியே வர முடியாமல் அடைந்து கிடந்தபோது அவருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் ஏற்பாடு செய்ததே நான்தான். எந்தக் கல்லூரியில், எந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்?

இந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த நான்காவது பொய்ச் சான்றிதழ் இது.

ஜூரோங்கில் ஒரு பொறியியல் ஒப்பந்த நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் பதினேழு வருடமாக இருக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் என்னிடம் வருவார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பார்ட் டைமோ, கரஸ்ஸோ, பட்டம் பட்டம்தானேக்கா?"

இல்லை. எத்தனை தடவை சொல்வது?

பொறியியலில் 'கரஸ்', அதாவது அஞ்சல் வழிப் பட்டம் என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. தொலைதூரக் கல்விக்கான யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் பொறியியலுக்கு அதை வெளிப்படையாகவே தடுக்கின்றன. அதற்கு முன்பே, 2017 நவம்பரில், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அனுமதியில்லாமல் தொலைதூர வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால்தான் இப்போது பொய்ப் பட்டம் விற்கிறவர்கள் 'கரஸ்' என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. 'பார்ட் டைம்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் பகுதிநேர பி.ஈ. உண்மையிலேயே இருப்பதால் கேட்கிறவருக்குச் சந்தேகம் வருவதில்லை. டிப்ளமோ முடித்து அங்கேயே வேலை பார்ப்பவர்கள், மாலையில் கல்லூரிக்குப் போய் ஏழு செமஸ்டர் உட்கார்ந்து படிப்பது அது. பகலில் துவாஸில் வெல்டிங்கைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் கோயம்புத்தூர் வகுப்பில் எப்படி உட்காருவது? "பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் இ-பாஸ். 2023 செப்டம்பரிலிருந்து அதற்கு விண்ணப்பிப்பவர்களை மதிப்பிடக் காம்பஸ் என்ற புள்ளி முறை வந்துவிட்டது, மொத்தம் 40 புள்ளி வேண்டும். பட்டத்தைக் காட்டிப் புள்ளி கேட்டால், அது உண்மைதான் என்று சரிபார்த்த ஆதாரமும் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் வரைக்கும் கேட்டுத்தான் அந்த ஆதாரம் வரும். யாருக்கும் சொல்லத் தோன்றாத விஷயம் ஒன்று: பட்டம் இல்லாமலும் இ-பாஸுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு பகுதியில் புள்ளி பூஜ்யம், அவ்வளவுதான். இ-பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் இருந்து, சம்பளப் புள்ளியும் மற்றவையும் சேர்ந்து நாற்பதைத் தொட்டால் போதும். ஆனால் பொய்ச் சான்றிதழைக் காட்டினால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இங்கே மறுபடி வேலைக்கு வரும் கதவும் மூடிவிடும். ஏஜெண்டுக்கு ஒன்றும் ஆகாது, அவர் ஊரில் இருப்பார்.

உள்ளூர்ப் பிள்ளைகளின் கதை வேறு. பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) முடித்தவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் உண்மையான பகுதிநேரப் பொறியியல் பட்டங்கள் இருக்கின்றன. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கக் கட்டணச் சலுகையும் உண்டு. இவர்கள் தடுமாறுவது நேரத்தில். வகுப்பு இரவு ஏழிலிருந்து பத்து வரை. துவாஸிலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கிளமெண்டிக்கு வந்து சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடும். ஷிப்ட் மாறும் வேலையென்றால் மேலாளரிடம் முதலிலேயே பேசுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலாளர் மாறுவார், மின்னஞ்சல் மாறாது. தேர்வு வாரத்தில் ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான மறுபயிற்சி) வரும், அதையும் கணக்கில் சேருங்கள். கம்பெனி பணம் கட்டுகிறது என்றால் பாண்டு (அங்கேயே வேலை பார்க்கும் ஒப்பந்தம்) எத்தனை வருடம், பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று வரி வரியாகப் படியுங்கள். மனிதவளத்துறையில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன், என் முதலாளி பார்த்தால் சந்தோஷப்பட மாட்டார்.

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளராகி வரைபடத்தில் கையெழுத்துப் போடும் ஆசை இருந்தால், சேர்வதற்கு முன்பே நிபுணத்துவப் பொறியாளர் வாரியத்தின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பட்டம், அந்தப் பெயரிலேயே, அதில் இருக்கிறதா? 'டெக்னாலஜி' என்று முடியும் பட்டமும் 'என்ஜினியரிங்' என்று முடியும் பட்டமும் ஒன்றென்று நினைத்து நான்கு வருடம் இரவு வகுப்புக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். நல்ல மூளை. அவரிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டியவளும் நானாகவே இருந்தேன்.

சம்பளம் ஏறினால் போதும் என்றால் பட்டம்தான் ஒரே வழி என்றில்லை. எலெக்ட்ரிக்கல் ஆட்களுக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் இருக்கிறது. சைட்டில் இருப்பவர்களுக்கு வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி ஆகும் படிப்பு இருக்கிறது. பட்டம் வாங்கிவிட்டு அதே மேசையில் அதே சம்பளத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள்.

சரி, வெள்ளிக்கிழமை வந்த தம்பி. அந்தச் சான்றிதழை நான் எங்கேயும் அனுப்பவில்லை. அவருடைய டிப்ளமோவையும் ஒன்பது வருட அனுபவத்தையும் வைத்தே எஸ்பாஸை, அதாவது நடுநிலைத் திறனாளர்களுக்கான வேலை அனுமதியைப் புதுப்பித்தோம். அந்தச் சான்றிதழுக்காக ஏஜெண்டிடம் ஒன்றரை லட்ச ரூபாய் கட்டியிருக்கிறார், தங்கையின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். "அந்த ஆள் போனை எடுக்கிறதில்லக்கா" என்றார். சான்றிதழ் இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது. திருப்பி வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை.