டபிள்யூசி பாலிசி: ஆள் கணக்கு மட்டும் போதாது, வேலையைச் சரியாக எழுதுங்கள்

பவுண்டரி நடத்துபவரும் சரி, ஜவுளிக்கடை வைத்திருப்பவரும் சரி, இஎஸ்ஐக்கு (அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) முதலாளி பங்காகக் கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம்தான். தொழிலின் ஆபத்து அங்கே கணக்கில் வராது. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கும், இஎஸ்ஐ வரம்புக்குள் வராத நிறுவனங்களின் ஆட்களுக்கும் எடுக்கும் டபிள்யூசி பாலிசியில், அதாவது வேலையில் அடிபடும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் காப்பீட்டில், ஆபத்துதான் விலையை முடிவு செய்கிறது.

கணக்கு எளிது. ஆண்டுச் சம்பள மொத்தத்தை, வேலையின் தன்மைக்கேற்ற விகிதத்தால் பெருக்குவார்கள். 2007 ஜனவரி 1 முதல் பொதுக் கட்டண அட்டவணை கிடையாது. விகிதத்தை அந்தந்த காப்பீட்டு நிறுவனமே வைக்கிறது. உயரத்தில் வேலையா, இயந்திரமா, ரசாயனமா, முந்தைய ஆண்டுகளில் எத்தனை கிளைம் என்றெல்லாம் பார்ப்பார்கள்.

பவர் பிரஸ் (உலோகத்தை அழுத்தி வெட்டும் இயந்திரம்) ஆபரேட்டருக்கு ஏன் கிளார்க்கைவிட அதிக விகிதம்? சட்ட அட்டவணைப்படி, கட்டைவிரலை முழுதாக இழந்தால் வருமானத் திறன் இழப்பு 30 சதவீதம். வயதுக்கேற்ப இழப்பீட்டைப் பெருக்கச் சட்டம் தரும் எண்தான் காரணி; 30 வயதுக்காரருக்கு அது 207.98. 2020 ஜனவரி முதல், மாதச் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் இழப்பீட்டுக்கு 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 சதவீதம் 9,000. காரணியால் பெருக்கி, 30 சதவீதம் எடுத்தால் 5,61,546 ரூபாய். ஒரே ஒரு கட்டைவிரலுக்கு! அதே ஆள் இறந்துபோனால் 15,59,850.

எல்லோரையும் ஒரே விகிதத்தில் போடுவது வீண் செலவு. தலைக்கு 25,000 சம்பளத்தில் 20 பேர் என்றால் ஆண்டுக்கு 60 லட்சம். உதாரணத்துக்கு ஆயிரத்துக்கு 20 ரூபாய் விகிதம் என்று வைத்தால் பிரீமியம் 1,20,000. அதில் 4 பேர் அலுவலக ஊழியர்கள். அவர்களுக்கு ஆயிரத்துக்கு 4 ரூபாய் என்று பிரித்துக் காட்டினால் மொத்தம் 1,00,800. இஎஸ்ஐயில் இருப்பவரையும் சேர்த்துப் பிரீமியம் கட்டுகிறவர்கள் உண்டு. அதே விபத்துக்கு அவர் முதலாளியிடம் தனியே இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால் அந்தப் பணமும் வீண்.

அதைவிட மோசம், விகிதத்தைக் குறைக்கப் பிரஸ் ஆபரேட்டரை ‘ஹெல்பர்’ என்று எழுதுவதும், சாரத்தில் ஏறுகிறவரை ‘பொது வேலை’யில் போடுவதும். விபத்து நடந்தால் விசாரிக்க வருபவர் சம்பளப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும்தான் முதலில் கேட்பார். பாலிசியில் ஒன்று, பதிவேட்டில் வேறொன்று என்றால் கிளைம் குறையும், அல்லது நிராகரிக்கப்படும். தொழிலாளிக்குத் தர வேண்டிய தொகை மட்டும் குறையாது. அது உங்கள் கையிலிருந்து போகும்.

ஒப்பந்தக்காரரின் ஆட்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் இடத்தில், உங்கள் தொழில் சார்ந்த வேலையில் அவர்கள் அடிபட்டால் இழப்பீட்டுக்கு நீங்களும் பொறுப்பு; கொடுத்த பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலிக்கலாம், அவ்வளவுதான். மருத்துவச் செலவும் தனி. சட்டப்படி சிகிச்சைச் செலவை முதலாளிதான் தர வேண்டும். சாதாரண பாலிசியில் அது இருக்காது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும்போது, ஒரு ஆளுக்கு எவ்வளவு வரம்பு என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஆண்டு முடிந்ததும் உண்மையான சம்பளக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள், ஓவர்டைமையும் சேர்த்தே. கூடினால் மீதியைக் கட்டலாம், குறைந்தால் திரும்ப வரும். கிளைம் என்று வந்தால் தள்ளிப்போடாதீர்கள். இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதம். அந்த அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது.