இயங்குதளமா, இயக்க முறைமையா?

"தேடுபொறி நிறுவனம் சொந்தமாக இயங்குதளம் உருவாக்குமா?" கூகுளைப் பற்றி இப்படி ஒரு கேள்வி நம் தொழில்நுட்பச் செய்திகளில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. 2009இல் குரோம் ஓஎஸ் அறிவிக்கப்பட்டபோதும் வந்தது, பிறகு ஃபியூஷா என்ற அதன் இன்னொரு மென்பொருளைப் பற்றிய பேச்சு எழுந்தபோதும் வந்தது. இதில் தேடுபொறி அருமையான ஆக்கம். தேடும் பொறி, தேடிய பொறி, தேடுகின்ற பொறி என முக்காலத்துக்கும் நிற்கிற வினைத்தொகை, கேட்டவுடன் பொருள் விளங்கிவிடுகிறது. என் வழக்கெல்லாம் இயங்குதளத்தோடுதான். கணினியின் மற்ற நிரல்களை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு, அதாவது ஓஎஸ்ஸுக்கு, நாம் வைத்திருக்கும் பெயர் அது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்கவே முடியாது.

மூலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதன் முன்பாதி, வேலை என்று பொருள்படும் இலத்தீன் ஓபுஸ் வழி வந்தது. பின்பாதி, பலவற்றைச் சேர்த்து நிறுத்துதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். 1950களில் கணிப்பொறியின் பக்கத்தில் ஆபரேட்டர் என்று ஓர் ஆள் நின்று, ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததற்குரிய துளையட்டைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1956இல் ஐபிஎம் 704 பொறிக்காக ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து எழுதிய நிரல், ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானே தொடங்கிவைத்தது. இயக்குகிற வேலை ஆளிடமிருந்து நிரலுக்குப் போனது.

இயக்குதல். இந்த வல்லினம்தான் முக்கியம். அடங்கு – அடக்கு, ஒடுங்கு – ஒடுக்கு, இயங்கு – இயக்கு. முதலாவது தன்வினை, அடுத்தது பிறவினை. நாம் பேசும் மென்பொருள் பிறவற்றை இயக்குவது. அதற்குப் பெயர் வைக்கும்போது தன்வினையைப் பிடித்துக்கொண்டோம்.

இதற்கு மறுப்பு உண்டு, அதை நான் ஒதுக்கவில்லை. ஆடுகளம் என்றால் களமா ஆடுகிறது? ஆட்டம் நடக்கிற களம் அது. அதேபோல் நிரல்கள் இயங்குகிற தளம் இயங்குதளம் என்பார்கள். இலக்கணப்படி சரிதான். ஆனால் அந்த விளக்கமே என் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது. நிரல்கள் எதன்மீது நின்று இயங்குகின்றனவோ அது பிளாட்ஃபார்ம். அதற்கு இயங்குதளம் மிகப் பொருத்தமான பெயர். அந்தப் பெயரைத் தூக்கி வேறொன்றின் தலையில் வைத்துவிட்டதால், பிளாட்ஃபார்முக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லாமல் போயிற்று.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு 2009 ஜூலையில் வந்த குரோம் ஓஎஸ் அறிவிப்பையே காட்டுகிறேன். சுந்தர் பிச்சையும் லைனஸ் அப்சனும் எழுதியது. அதன் சாரம் இது: லினக்ஸ் கெர்னலின் (ஓஎஸ்ஸின் உட்கருவான நிரல்) மேல் ஒரு புதிய சாளர அமைப்பு, அதற்குள் குரோம் உலாவி, செயலி எழுதுகிறவர்களுக்கு இணையமே பிளாட்ஃபார்ம். ஓஎஸ் ஒன்று, பிளாட்ஃபார்ம் இன்னொன்று என்று அறிவித்தவர்களே பிரித்துச் சொல்கிறார்கள். நம் வழக்குப்படி மொழிபெயர்த்தால் "இந்த இயங்குதளத்தில் இணையமே இயங்குதளம்" என்றுதான் எழுத வேண்டும். படிப்பவருக்கு என்ன புரியும்? அறிவிப்பின் உயிர்நாடியான கருத்தே காணாமல் போய்விடும்.

தளம் என்ற சொல் ஏற்கெனவே சுமை தாங்காமல் கிடக்கிறது. வெப்சைட் வலைத்தளம், டேட்டாபேஸ் தரவுத்தளம், ஓடிடி தளம், சமூக ஊடகத் தளம், மின்வணிகத் தளம். வெவ்வேறு ஆங்கிலச் சொற்கள் வந்தாலும் எல்லாவற்றையும் ஒரே தளத்தில் கொட்டுகிறோம். மூலத்தில் இருப்பது என்ன, அது என்ன செய்கிறது என்று பார்க்காமல், முன்னவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து ஒட்டுவதால் வருகிற வினை இது. ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கிறவர் அந்தப் பொருளின் வேலையை ஒரு நாழிகையாவது படித்திருக்க வேண்டாமா? பேச்சில் எல்லோரும் ஓஎஸ் என்கிறோம். அதனால் எவருக்கும் குழப்பம் வருவதில்லை. குழப்புகிற தமிழ்ச் சொல்லைவிட அது எவ்வளவோ மேல் என்றே சொல்வேன்.

மாற்றுச் சொற்களில் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் இயக்க அமைப்பு வினையைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் இயக்கமும் அமைப்பும் அடுத்தடுத்து வந்தால் நம் காதில் விழுவது ஏதோ கட்சியின் கிளை. இலங்கைப் பாடநூல்களின் பணிசெயல் முறைமை கருத்தாகச் சொன்னது, பணியும் செயலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுதான் குறை. இயக்குதளம் என்று திருத்தி எழுதுவோர் பாதிக் கிணறு தாண்டியவர்கள்.

இயக்க முறைமை என்பதே என் தேர்வு. அதற்குக் காரணம் முறை என்ற சொல்லின் ஆழம். பழந்தமிழில் முறை செய்தல் என்றால் நீதி வழங்குதல். இன்றைக்கும் வைகைப் பாசனப் பகுதியில் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம் வைக்கிறார்கள்: இத்தனை நாள் இந்த மடைக்கு, அடுத்து அந்த மடைக்கு. கணினிக்குள் நடப்பது இதேதான். கணக்கிடும் ப்ராசசர் ஒன்று, நினைவகம் ஒன்று, கேட்கிற நிரல்களோ நூறு. இந்த நிரலுக்கு இத்தனை மில்லிவினாடி, பிறகு அடுத்ததற்கு. இதன் நினைவகத்தில் அது கைவைக்கக் கூடாது. அச்சுப்பொறியை இப்போது இதற்கு விடு. முறை வைப்பதும் முறை செய்வதுமே அந்த மென்பொருளின் முழுநேர வேலை. வெறுமனே கீழே விரிந்து கிடக்கும் தளத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். இயங்குதளம் என்பதை அதன் உண்மைப் பொருளில் கொண்டால், கூகுள் எப்போதோ அதை உருவாக்கிவிட்டது. 2004இல் ஜிமெயில், 2008 செப்டம்பரில் குரோம் உலாவி: இணையத்தையே நிரல்கள் இயங்கும் இடமாக்குகிற வேலை குரோம் ஓஎஸ் வருமுன்பே தொடங்கிவிட்டது. இயக்க முறைமை என்று கேட்டால் விடை வேறு. 2006இல் கூபுண்டு என்ற பெயர் வெளியில் அடிபட்டபோது பலரும் விண்டோஸுக்குப் போட்டி வருகிறது என்றார்கள். அது கூகுள் தன் ஊழியர்களுக்காக உபுண்டு என்ற லினக்ஸ் வகையை மாற்றி அமைத்துக்கொண்டது, அவ்வளவே. 2005இல் வாங்கிய ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். 2011 ஜூனில் விற்பனைக்கு வந்த குரோம்புக்கின் அடியிலும் லினக்ஸ்தான். முறை வைக்கிற கெர்னல் 1991இல் ஹெல்சிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. மேலே கட்டியது மட்டும் கூகுளுடையது. இவற்றையும் இயக்க முறைமைகள் என்று சொல்லலாம். சொந்தம் என்ற அடைமொழியை மட்டும் யோசித்துச் சேர்க்க வேண்டும்.

அந்த அடைமொழிக்கு நெருங்கி வருவது ஃபியூஷா. 2016 ஆகஸ்டில் அறிவிப்பு ஏதுமின்றி அதன் நிரல் இணையத்தில் தென்பட்டது. அதில் லினக்ஸ் இல்லை. லிட்டில் கெர்னல் என்ற சிறு நிரலிலிருந்து வளர்த்தெடுத்த, பின்னர் சிர்கான் என்று பெயர் பெற்ற கெர்னல் இருந்தது. 2021 மே மாதம் முதல் தலைமுறை நெஸ்ட் ஹப் என்ற, குரலுக்குப் பதில் சொல்லும் திரையுள்ள வீட்டுக் கருவிகளில் அதுவரை இருந்த லினக்ஸ் சார்ந்த மென்பொருளை எடுத்துவிட்டு ஃபியூஷாவை ஏற்றத் தொடங்கினார்கள். வீட்டில் அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதே திரை, அதே பொத்தான்கள், அதே குரல். மேலே இயங்குவதெல்லாம் அப்படியே இருக்க, அவற்றை இயக்குவது முற்றிலும் மாறிவிட்டது. "இயங்குதளம் மாறியது" என்று எழுதுகிறவர், மாறாமல் இருந்ததன் பெயரைச் சொல்லி மாறியதைக் குறிக்கிறார். "இயக்க முறைமை மாறியது" என்று எழுதினால் நடந்தது நடந்தபடி வந்துவிடுகிறது.