சபாநாயகி என்று ஒரு பதவி கிடையாது

அக்கா மகள் குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் அவளுடைய பொது அறிவு வழிகாட்டியைப் புரட்டினேன். 'மாநிலச் சட்டமன்றம் ஒன்றின் முதல் பெண் சபாநாயகி யார்?' என்று ஒரு கேள்வி. விடை: ஷன்னோ தேவி. விடை சரிதான். 1966 நவம்பரில் பஞ்சாபிலிருந்து ஹரியானா பிரிந்ததும் அதன் முதல் சட்டமன்றத்துக்குத் தலைமை ஏற்றவர் அவர். தப்பு கேள்வியில் இருக்கிறது. 'பெண்' என்று ஒரு தடவை சொல்லியாயிற்று. அப்புறம் எதற்கு அந்த 'கி'?

இரண்டு பக்கம் தள்ளி இன்னொன்று. 1972இல் அந்தப் பொறுப்புக்கு வந்த கே. எஸ். நாகரத்தினம்மா, 'கர்நாடக சட்டமன்றத்தின் பேச்சாளராகப் பணியாற்றினார்' என்று போட்டிருந்தார்கள். குண்டலுப்பேட்டை நம் கூடலூரிலிருந்து மைசூருக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. அந்தத் தொகுதியிலிருந்து போய் ஒரு சட்டமன்றத்தையே நடத்திய பெண்ணைப் பட்டிமன்ற மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

முதலில் இந்தப் பேச்சாளரைப் பார்த்துவிடுவோம். சபாநாயகருக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பீக்கர்', அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதில் வந்த வினை இது. இங்கிலாந்தின் பொதுமக்கள் அவையில் 1377 வாக்கில் 'ஸ்பீக்கர்' என்ற பட்டம் வந்தது. அவை முடிவு செய்ததை மன்னர் முன்னால் போய் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பெயர். இன்றைக்கு வேலை தலைகீழ். நம் அரசியல் சட்டத்தின் 178ஆவது பிரிவின்படி தேர்ந்தெடுக்கப்படுகிறவர் விவாதத்தில் கட்சி கட்டிப் பேசுவதில்லை. யார் பேசலாம், எவ்வளவு நேரம், எந்தச் சொல்லை அவைக்குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் அவர். 189ஆவது பிரிவின்படி இரு பக்கமும் வாக்குகள் சமமாக விழுந்தால்தான் தன் வாக்கைப் போடலாம். ஆகப் பெரும்பாலும் பேசாமல் இருப்பவருக்குப் பேச்சாளர் என்று பெயர் வைப்பது மொழிபெயர்ப்பே இல்லை.

சபாநாயகர் என்பது வடசொல். சபை, அதை நடத்திச் செல்லும் நாயகர். தில்லை நடராசருக்கும் அதுதான் பெயர். இலங்கை நாடாளுமன்றத் தமிழிலும் அதே சொல்தான். அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனாலும் வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரம் வைத்துவிட்டுப் போன மொழியில், நம் சட்டமன்றம் 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே' என்று அழைப்பது காதுக்கு நிறைவாக இருக்கிறது. பொருளும் பளிச்சென்று தெரிகிறது.

இனி அந்த 'கி'. நாயகி தாழ்ந்த சொல் என்று நான் சொல்லவில்லை. கோவில் கோவிலாக நாம் கும்பிடுகிற சொல் அது. வைத்தீசுவரன் கோவிலில் வைத்தியநாதர், பக்கத்தில் தையல்நாயகி. அங்கேதான் சிக்கலே. தமிழ்க் காதுக்கு நாயகர், நாயகி என்றால் இணை. சபாநாயகர் என்ற சொல் ஏற்கெனவே இருக்கும்போது சபாநாயகி என்றால், அவருடைய துணைவியார் என்றுதான் மனம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கதாநாயகி நினைவுக்கு வருவாள். இரண்டுமே அந்த நாற்காலிக்குப் பொருந்தாது.

ஆசிரியை என்கிறோமே, நடிகை என்கிறோமே என்று கேட்பார்கள். சரி, அவை தொழில்கள், பழகியும் விட்டன. ஆனால் அரசுப் பதவி என்று வந்தால் தமிழர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரியாகத்தான் பேசுகிறார்கள். அமைச்சருக்கு அமைச்சி என்று சொன்னவர் உண்டா? ஜெயலலிதா எல்லோருக்கும் முதல்வர்தான். 1989இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பாத்திமா பீவி நீதிபதிதான். மாவட்ட ஆட்சியர் ஆணா பெண்ணா என்பது பெயர்ப்பலகையைப் படித்தால் தெரிகிறது, பதவிப் பெயரில் தெரிய வேண்டியதில்லை. நம் மரியாதை விகுதி 'ர்' இருபாலுக்கும் பொது. 'வந்தார்' என்றால் அம்மாவும் வரலாம், அப்பாவும் வரலாம்.

இந்தி படுகிற பாட்டைப் பாருங்கள். அங்கே குடியரசுத் தலைவர் 'ராஷ்டிரபதி'. 2007இல் பிரதிபா பாட்டீல் வந்தபோது 'பதி' என்ற சொல்லை ஒரு பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று விவாதம் கிளம்பியது. 2022இல் திரௌபதி முர்முவை ஒரு உறுப்பினர் 'ராஷ்டிரபத்னி' என்று சொல்லப் போய் நாடாளுமன்றமே அமளியானது. அப்போதும் தமிழ்ச் செய்திகளில் அவர் குடியரசுத் தலைவர்தான், ஒரு எழுத்தும் மாறவில்லை. இப்படி ஒரு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு, நாமே வலியப் போய் ஒரு 'கி'யை ஒட்டுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இதில் மனிதர்கள் எப்படி மறைகிறார்கள் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. ருக்மிணி லட்சுமிபதி வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை போனவர். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார், 1946இல் அமைச்சரானார். இந்த வழிகாட்டி அவரைத் 'துணை சபாநாயகி' ஆக்கியிருக்கிறது. ஆந்திரத்தில் 1999 முதல் 2004 வரை அவையை நடத்திய பிரதிபா பாரதிக்கு 'பெண் பேச்சாளர்'. ஒரே புத்தகத்தில், ஒரே பதவிக்கு மூன்று பெயர். ஆங்கிலத்தில் இருந்த பட்டியலை யாரோ மொழிபெயர்ப்புப் பொறியில் போட்டு எடுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிற பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்.

பென்சில் எடுத்து எல்லா இடத்திலும் 'பேரவைத் தலைவர்' என்று திருத்திக் கொடுத்தேன். "தேர்வில் சபாநாயகின்னு கேட்டா என்ன செய்ய மாமா?" என்றாள். ஷன்னோ தேவி என்று எழுதிவிட்டு வா, அது மட்டும் மாறாது என்றேன்.