‘நான் யார்னு சொல்லுங்க பாப்போம்’ என்று கேட்காதீர்கள்

மறதி நோய் வந்த பெரியவரைப் பார்க்க வரும் உறவினர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “நான் யார்னு தெரியுதா? சொல்லுங்க பாப்போம்.” கேட்பவர் பாசத்தில்தான் கேட்கிறார். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பரீட்சை. திருதிருவென விழிப்பார், இல்லையென்றால் சிரித்து மழுப்புவார், சில சமயம் எரிந்து விழுவார். பக்கத்தில் நிற்கும் மகள், “உங்க தம்பி மகன்ப்பா, மதுரையிலேருந்து வந்திருக்கான்” என்று எடுத்துக்கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் அடுத்தவர் வந்து அதே கேள்வியைக் கேட்பார்.

மூளையில் எந்த இடம் முதலில் பழுதாகிறதோ, சரியாக அந்த இடத்தையே இந்தக் கேள்வி தட்டுகிறது. மறதி நோய், அதாவது டிமென்ஷியா, என்பது பல நோய்களுக்குப் பொதுப்பெயர். அவற்றில் அதிகம் காணப்படுவது அல்சைமர். அதில் அமிலாய்டு என்ற புரதம் நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகிறது, டௌ என்ற இன்னொரு புரதம் அணுக்களுக்குள் சிக்கலாக முறுக்கிக்கொள்கிறது. இந்த டௌ சிக்கல் ஆரம்பத்திலேயே கைவைப்பது ஹிப்போகேம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும். இன்று காலை யார் வந்தார், என்ன சாப்பிட்டோம், மாத்திரை போட்டோமா என்பதையெல்லாம் பதிவு செய்வது அந்த இடம்தான். பதிவே ஆகாத ஒன்றை எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும் எடுக்க முடியாது.

ஆனால் நினைவு என்பது ஒரே இடத்தில் பூட்டி வைத்த ஒரே சமாச்சாரம் அல்ல. சைக்கிள் ஓட்டுவது, பூத் தொடுப்பது, தாளம் போடுவது போன்ற கைப்பழக்கங்கள் மூளையின் அடித்தள முடிச்சுகளையும் சிறுமூளையையும் நம்பியிருக்கின்றன. அல்சைமர் அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும். பாட்டு, ஓவியம், நடனம், கதை போன்றவற்றை மறதி நோயாளிகளிடம் கொண்டுபோகிறவர்கள் செய்வது இதைத்தான்: பழுதான கதவைத் தட்டுவதை விட்டுவிட்டு, இன்னும் திறந்திருக்கும் கதவு எது என்று பார்க்கிறார்கள். நினைவைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யாராவது கலைச் சிகிச்சை விற்றால் நம்பாதீர்கள். அது அந்த வேலையைச் செய்யாது, செய்வது வேறு வேலை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன் பாஸ்டிங் என்ற நாடகத்துறை ஆய்வாளர் 1996-ல் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போனார். மறதி நோய் முற்றியவர்கள் இருந்த பிரிவு அது. பழைய நினைவுகளைக் கிளறும் நாடகப் பயிற்சிகளை வாரக்கணக்கில் செய்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. தலை தொங்கிய நிலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் பத்திரிகையிலிருந்து ஒரு சிகரெட் விளம்பரத்தைக் கிழித்து எடுத்துவந்தார். தொப்பி போட்ட மாட்டுக்காரனின் படம். “இவனுக்கு என்ன பெயர் வைக்கலாம்? நீங்கள் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்கிறேன்” என்றார். “ஃப்ரெட்” என்றார் ஒருவர். எந்த ஃப்ரெட்? “ஃப்ரெட் அஸ்டேர்” என்று பதில் வந்தது, அந்தக் காலத்து நடன நடிகரின் பெயர். எங்கே இருக்கிறான்? ஓக்லஹோமாவில். அப்படியே கதை வளர்ந்தது, சிரித்தார்கள், நடுவில் பாடினார்கள்.

நடந்தது இவ்வளவுதான்: “நினைவிருக்கிறதா?” என்ற கேள்வி போய் “கற்பனை செய்யலாமா?” வந்துவிட்டது. முதல் கேள்விக்குச் சரியான பதில் ஒன்றே ஒன்று. இரண்டாவதற்குத் தப்பான பதிலே கிடையாது. இதிலிருந்து அவர் உருவாக்கிய டைம்ஸ்லிப்ஸ் என்ற முறை பல நாடுகளுக்குப் பரவியது. 2016-ல் அவருக்கு, படைப்பாற்றலுக்காக அமெரிக்காவில் தரப்படும் மெக்கார்தர் நிதிநல்கை கிடைத்தது. முறை எளிமையானது. விசித்திரமான ஒரு படம், பெரிய தாள், பதில் திறந்திருக்கும் கேள்விகள். யார் எதைச் சொன்னாலும், பொருளற்ற ஒலியாக இருந்தாலும்கூட, அதை அவர்களிடமே திருப்பிச் சொல்லி உறுதிசெய்து தாளில் எழுத வேண்டும். அவ்வப்போது எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும். போன வாக்கியம் அவர்களுக்கு மறந்திருக்கும் என்பதால், கதையின் ஞாபகத்தைத் தாள் சுமக்கிறது.

இந்த முறையை அமெரிக்காவில் 20 முதியோர் இல்லங்களில் சோதித்தார்கள். பாதியில் இந்தக் கதை நேரம், மீதியில் வழக்கமான பராமரிப்பு. கதை நடந்த இல்லங்களில் பெரியவர்கள் அதிக விழிப்போடும் ஈடுபாட்டோடும் இருந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: பணியாளர்கள் அவர்களோடு பேசுவது கூடியது, அவர்களைப் பற்றிய எண்ணமும் மேலானது. மருந்து பாதி நோயாளிக்கு என்றால் மீதி பாதி பார்த்துக்கொள்பவருக்கு.

சரி, இவ்வளவு சிரித்தவர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுவாரே, அப்புறம் என்ன பயன்? நியாயமான கேள்வி. ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான திரைப்படக் காட்சிகளையும், வேறொரு சமயம் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்கள் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எப்படி இருக்கிறது மனசு என்று கேட்டபோது, அரை மணி நேரம் வரையிலும் அந்தச் சோகமோ மகிழ்ச்சியோ தங்கியிருந்தது. காட்சியை எவ்வளவு குறைவாக நினைவு வைத்திருந்தார்களோ, சோகம் அவ்வளவு நேரம் நீடித்தது. காரணம் தெரியாத துக்கம் ஆறுவதற்கு நேரம் எடுக்கும்போலிருக்கிறது. காலையில் யாராவது அதட்டியதை அப்பா மறந்திருக்கலாம், ஆனால் மத்தியானம் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிப்பதற்கு அந்த அதட்டல்கூடக் காரணமாக இருக்கலாம்.

பாட்டுக்கு வருவோம். பேச்சு நின்றுபோனவர் பழைய பாட்டைக் கேட்டதும் வரி பிசகாமல் பாடுவதைப் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதற்கு மூளையில் இடம் தேடினார்கள். அவர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது, ஆரோக்கியமானவர்களின் மூளையில் நடுக்கோட்டை ஒட்டி, நெற்றிப்பக்கம் உள்ளே இருக்கும் இரண்டு பகுதிகள் குறிப்பாக வேலை செய்தன. அசைவுகளை வரிசைப்படுத்தித் திட்டமிடுவதில் பங்குள்ள பகுதி அவற்றில் ஒன்று. பிறகு அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களில் அதே பகுதிகளைப் பார்த்தார்கள். மற்ற இடங்கள் சுருங்கியிருந்தும் இவை அவ்வளவாகச் சுருங்கவில்லை, சர்க்கரையை எரித்து வேலை செய்வதும் பெரிதாகக் குறையவில்லை. விசித்திரம் என்னவென்றால், அமிலாய்டு படிவு அங்கேயும் இருந்தது. படிவு வந்துவிட்டது, சேதம் இன்னும் முழுதாக வரவில்லை.

எந்தப் பாட்டு என்பது முக்கியம். பொதுவாக 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான காலத்து நினைவுகள் மற்றக் காலத்தைவிட ஆழமாகப் பதிகின்றன. 1947-ல் பிறந்தவருக்கு என்றால் 1957-க்கும் 1977-க்கும் இடைப்பட்ட பாட்டுகள், இலங்கை வானொலியில் காதை ஒட்டவைத்துக் கேட்டவை. நம் வீடுகளில் நடப்பது வேறு. வயசானவர்தானே என்று காலையிலிருந்து பக்திப் பாட்டைப் போட்டுவிடுகிறோம். வாலிபத்தில் கோயில் பக்கமே போகாதவராக இருந்திருப்பார், பாவம். அவர் கல்லூரியில், பட்டறையில், கல்யாண வீட்டில் என்ன கேட்டார் என்று அவருடைய தங்கையிடமோ பழைய நண்பரிடமோ விசாரிப்பது நல்லது. ஒரு பாட்டு அவரை அழவும் வைக்கலாம். அழுதுவிட்டுத் தொடர்ந்து கேட்கிறாரா, எழுந்து போகப் பார்க்கிறாரா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஓவியத்தின் கதை இன்னும் சிக்கலானது. வில்லியம் யூட்டர்மோலன் லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர். 1995-ல், 61 வயதில், அவருக்கு அல்சைமர் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் தன் முகத்தைத் தானே வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் முகத்தின் அளவுகள் குலைவதும், காதும் கண்ணும் இடம் மாறுவதும், கடைசியில் முகமே கலைந்த கோடுகளாவதும் தெரியும். எது எங்கே இருக்கிறது என்று கணிக்கும் உச்சிமடலை அல்சைமர் தாக்குவதால் இப்படி ஆகிறது. மருத்துவ இதழ்கள் இதைத் திறமை தேய்ந்த ஆவணமாகப் பார்த்தன. அந்தப் படங்களில் உள்ள பயத்தையும் கோபத்தையும் பார்த்தால் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அளவு போய்விட்டது, சொல்ல வேண்டியதைச் சொல்வது போகவில்லை.

எல்லா டிமென்ஷியாவும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் ஓவியமே காட்டிக்கொடுத்தது. மூளையின் நெற்றி, பொட்டு மடல்களைத் தாக்கும் டிமென்ஷியா வகையில், அதுவரை தூரிகையே பிடிக்காத சிலர் திடீரென்று மும்முரமாக வரைய ஆரம்பித்ததைக் கலிஃபோர்னியாவின் புரூஸ் மில்லர் குழு 1990-களில் பதிவு செய்தது. இடப்பக்க மொழிப் பகுதி தளரும்போது, பார்வை சார்ந்த பின்பகுதி தன் போக்கில் இயங்குகிறது என்பது அவர்களின் விளக்கம்.

அறுபது வருஷம் வாசலில் கோலம் போட்ட கையை நினைத்துப் பாருங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு சீராக இறங்குவது கைப்பழக்கம், அது நெடுநாள் நிற்கக்கூடியது. பதினைந்து புள்ளி வைத்து வளைத்துக்கொண்டு வருவது இடக்கணக்கு, அது சீக்கிரம் தடுமாறக்கூடியது. அதனால் பாட்டி புள்ளியில் குழம்பினால் கோலமாவுக் கிண்ணத்தைப் பிடுங்கிவிட வேண்டாம். புள்ளியை நீங்கள் வையுங்கள், இழையை அவர் இழுக்கட்டும். புள்ளியே இல்லாத கோலமானாலும் சரிதான்.

இதற்கெல்லாம் சான்று எவ்வளவு வலுவானது? மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் இசை பற்றிய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. குறைந்தது 5 அமர்வுகள் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு ஓரளவு குறைகிறது. கிளர்ச்சியும் ஆவேசமும் குறைவதாகவோ, அறிவுத்திறன் கூடுவதாகவோ தெரியவில்லை. அமர்வுகள் நின்று நான்கு வாரம் கழித்துப் பலன் தங்கியதற்கும் நல்ல சான்று இல்லை. ஓவியச் சிகிச்சையில் தரத்துக்கு எட்டிய சோதனைகள் இரண்டுதான் தேறின, இரண்டிலும் சேர்த்து 88 பேர். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் மாத்திரையைச் சோதிப்பதுபோல இதைச் சோதிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாடும்போது நன்றாக இருந்தாரா என்பதை விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து இன்று என்ன கிழமை என்று கேட்டால், நாம் மறுபடி பழைய பரீட்சைக்கே வந்துவிடுகிறோம்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கதைக்குக் குடும்பப் போட்டோவை எடுக்காதீர்கள். ‘இது யாரு’ என்று உங்கள் வாய் தானாகக் கேட்டுவிடும். டீக்கடை முன்னால் யானை நிற்கும் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். “இந்த யானைக்கு என்ன பேரு வைக்கலாம் பாட்டி?” “சுப்பையா.” “சுப்பையா எங்க கிளம்பிட்டான்?” “ரேஷன் கடைக்கு.” திருத்தாமல் எழுதிக்கொண்டே போங்கள், யானைக்குக் கார்டு இருக்கிறதா என்பதும் நல்ல கேள்விதான். டிவியை நிறுத்திவிடுங்கள், காது மிஷின் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். சாயங்காலம் பலருக்குப் பதற்றம் கூடும் நேரம், காலை தேவலாம்.

வண்ணம் தீட்ட உட்கார வைத்தால் பேத்தியின் கலரிங் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், குழந்தையாக நடத்துகிறோம் என்பது அவருக்குப் புரியும். நல்ல தூரிகையும் கெட்டித் தாளும் கொடுங்கள். வெள்ளைத் தாளும் வெள்ளை மேசையும் அவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம், அடியில் கரும்பச்சையிலோ நீலத்திலோ துணி விரியுங்கள். வாயில் பட்டாலும் கெடுதல் செய்யாத வண்ணமாக இருக்க வேண்டும். தூரிகை கழுவும் தண்ணீரை மட்டும் டம்ளரில் வைத்துவிடாதீர்கள். டம்ளரைக் கண்டால் எடுத்துக் குடிப்பது எழுபது வருஷக் கைப்பழக்கம், அது மறக்காது.