வைல் லூப்பைக் குழப்பும் 'வரை'

"சரியான பாஸ்வேர்டு வரும் வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்." புதிதாக புரோகிராமிங் படிப்பவர்களிடம் இந்தப் பயிற்சியைக் கொடுத்தால், பலரும் வைல் (while: நிபந்தனை உண்மையாக இருக்கிற காலம் முழுக்க ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்) என்று எழுதி, பக்கத்திலேயே 'பாஸ்வேர்டு சரி' என்று நிபந்தனையைப் போட்டுவிடுவார்கள். ரன் செய்தால் தப்பான பாஸ்வேர்டை ஏற்று புரோகிராம் முடிந்துவிடும். சரியானதைக் கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்கும்.

தப்பு அவர்களுடையது மட்டுமல்ல. வைல் என்றால் 'வரை' என்று போர்டில் எழுதிப் போட்டவன் நான்தான். தமிழில் 'வரை' இரண்டு வேலை பார்க்கிறது. 'மூச்சு இருக்கும் வரை' என்றால் மூச்சு இருக்கிற காலம் முழுக்க. 'பஸ் வரும் வரை' என்றால் பஸ் வராத காலம் முழுக்க. வைலுக்குத் தெரிந்தது முதல் வகை மட்டுமே.

இப்போதெல்லாம் நிபந்தனையை எழுதுமுன் வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். வாக்கியம் 'இருக்கும் வரை' என்று முடிய வேண்டும். "பாஸ்வேர்டு தவறாக இருக்கும் வரை கேள்." 'வரும் வரை', 'ஆகும் வரை' என்று வாயில் வந்தால் நிபந்தனையைத் திருப்பிப் போட வேண்டும். இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தால் கூடுதல் கவனம். 'சரியாகும் வரை அல்லது மூன்று முயற்சி முடியும் வரை' என்பதைத் திருப்பும்போது 'அல்லது' மறைந்து 'மற்றும்' வந்துவிடும்: தவறாகவும் இருக்க வேண்டும், முயற்சியும் மூன்றுக்குக் குறைவாக இருக்க வேண்டும். டி மார்கன் விதி என்ற பெயரைப் பிறகு சொன்னால் போதும்.

அடுத்த சிக்கல், லூப் நிபந்தனையை எந்நேரமும் கண்காணிக்கிறது என்ற நம்பிக்கை. எண் 1-இல் தொடங்குகிறது. 5-ஐவிடக் குறைவாக இருக்கும் வரை, ஒன்று கூட்டி அச்சிடு. என்ன அச்சாகும்? '2, 3, 4' என்பார்கள், எண் 5 ஆன நொடியே லூப் நின்றுவிடும் என்று நினைத்து. உண்மையில் 5-உம் அச்சாகும். சுற்றின் வாசலில் மட்டும்தான் சோதனை. உள்ளே வந்துவிட்டால் கடைசி வரி வரை ஓடியே தீரும். இதை விளக்கிப் பயனில்லை, பேப்பரில் ட்ரை ரன் (dry run: கணினி இல்லாமல், ஒவ்வொரு வரிக்கும் மதிப்புகளைக் கையால் எழுதிப் பார்ப்பது) போட வைத்தால்தான் ஏறுகிறது.

முடிவில்லா லூப்புக்கு நான் எடுக்கும் உதாரணம் மைக்ரோசாஃப்டின் 'ஜூன் 30' (Zune 30) என்ற மியூசிக் பிளேயர். 2008 டிசம்பர் 31 அன்று அவை உறைந்து நின்றன. தேதி கணக்கிடும் வைல் லூப், நாள் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும் வரை சுற்றும். சாதாரண ஆண்டானால் 365 கழித்து ஆண்டைக் கூட்டும். லீப் ஆண்டானால், எண்ணிக்கை 366-க்கு மேல் இருந்தால் மட்டும் 366 கழிக்கும். சரியாக 366 ஆக இருந்தால்? அதற்கு ஒரு வரிகூட இல்லை. பேட்டரி தீர விட்டு, மறுநாள் சார்ஜ் செய்து இயக்குங்கள் என்பதே அப்போது சொல்லப்பட்ட தீர்வு.

அந்த லூப்பை மாணவர்களிடம் கொடுத்து, நாள் 366, ஆண்டு 2008 என்று தொடங்கி ட்ரை ரன் போடச் சொல்வேன். மூன்றாவது சுற்றிலும் அதே 366, அதே 2008 என்று எழுதும்போது பென்சில் நின்றுவிடும்.