நன்றி நோட்டு ஏன் இரண்டாம் வாரத்திலேயே நின்றுபோகிறது?

வயதான காலத்தில் மனநிறைவுக்காக, கிடைத்த நன்மைகளைக் குறித்துவைக்கும் நன்றி நோட்டு எழுதத் தொடங்குபவர்கள் பலர் சீக்கிரமே அலுத்து மூடிவைத்துவிடுகிறார்கள். எழுதியதைப் புரட்டினால் காரணம் தெரியும்: "ஆரோக்கியம், குடும்பம், கடவுள் அருள்." மறுநாளும் அதேதான். பழகிப்போன நன்மை மனசில் உறைப்பதில்லை. பொத்தாம்பொதுவாக எழுதினால் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும்.

"மகள் பாசமானவள்" என்று எழுதாதீர்கள். "மாத்திரை டப்பாவில் காலை, இரவு என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். கண்ணாடியைத் தேடாமலே எடுத்தேன்" என்று எழுதுங்கள். அடுத்த வரியில், அது ஏன் நடந்தது? "நேற்று நான் தடுமாறியதைக் கவனித்திருக்கிறாள்." இந்த இரண்டாவது வரியில்தான் சத்து இருக்கிறது, பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான். அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் கொடுத்த பயிற்சியும் இப்படித்தான்: ஒரு வாரம், தினமும் இரவில், நன்றாக நடந்த மூன்று விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் காரணம். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது, முக்கியமாகத் தாமாகவே தொடர்ந்தவர்களிடம். முதல் வாரத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறை எழுதினாலும் போதும். கை நடுங்கினால் போனில் பேசிப் பதிவு செய்யலாம். வலி தாங்காத நாளில் நல்லதைத் தேடி மெனக்கெட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

நோட்டு மட்டும் போதாது. பிறரிடம் வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு நன்றியே கடனாகக் கனக்கத் தொடங்கும். "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு மருந்து, அவர் செய்யாவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலை. இன்றைய உடம்புக்கு முடிந்ததாக, அரை மணிக்குள் முடிவதாக, அதை எதிர்பார்த்து ஒருவர் இருப்பதாக அது அமைய வேண்டும். பேரனை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கலாம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம். நின்று சமைக்க முடியாதவர் உட்கார்ந்து பட்டாணி உரிக்கலாம். "நீங்க சும்மா உட்காருங்க" என்று கையிலிருப்பதைப் பிடுங்குவது பாசம்தான், ஆனாலும் கெடுதல்.

துணையை இழந்தவரிடம் "இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படுங்க" என்று சொல்வதும் அப்படித்தான். அதோடு அவர் வாய் மூடிக்கொள்ளும். முதலில் பேசவிட்டுக் கேளுங்கள்.

பிடித்தவற்றில்கூட நாட்டமில்லாமை, தூக்கக் கெடுதி, பசியின்மை இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். முதுமையில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் உடல்வலி, அசதி, மறதி என்றும் வரும். (காது மந்தமானதால் பேச்சைக் குறைத்துக்கொண்டவரையும் "விரக்தியில் இருக்கிறார்" என்று வீட்டார் நினைத்துவிடுவதுண்டு.) தைராய்டு, வைட்டமின் பி12, செவித்திறன் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்ற பேச்சு வந்தால், சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். ஆமென்றால் தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.