பிரேக் ஆயிலும் நமுத்துப்போகும்

ஐப்பசி மழையில் பொரித்த அப்பளத்தை அரை மணி நேரம் வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில சைக்கிள்களின் டிஸ்க் பிரேக்கில் ஊற்றும் டாட் (DOT) என்ற வகை ஆயிலும் இந்த அப்பளம் மாதிரிதான். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஹைட்ராலிக் பிரேக்கில், அதாவது ஆயிலால் இயங்கும் பிரேக்கில், லீவரை அழுத்தினால், ஹோஸில் நிற்கும் ஆயில் அந்த அழுத்தத்தைக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிபரின் பிஸ்டனுக்கு அப்படியே கொண்டுபோகிறது. உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தால் போச்சு: விரலின் பலமெல்லாம் அதை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்தக் குமிழியை வெளியேற்றுவதுதான் ப்ளீடிங். இரண்டு சிரிஞ்சு, கொஞ்சம் குழாய், பிரேக்கோடு இணைக்கும் திருகுமுனை இருந்தால் போதும். இந்தச் சாமான்களை எப்படிக் கழுவி உலர்த்துவது என்பதுதான் இங்கே விஷயம்.

முன்பெல்லாம் வேலை முடிந்ததும் இவற்றைத் துணியால் துடைத்து டப்பாவில் போட்டுவிடுவேன். செலவைக் குறைக்க மருந்துக்கடை சிரிஞ்சை வைத்து, இன்னொரு வகை பிரேக் ஆயிலான மினரல் ஆயிலை ஏற்றிய நாட்கள் அவை. அடுத்த முறை எடுத்தபோது சிரிஞ்சின் பிஸ்டன் அசையவே இல்லை. முனையிலிருந்த கறுப்பு ரப்பர் ஆயிலைக் குடித்து உப்பியிருந்தது.

காரணம் எளிய வேதியியல்: ஒத்தது ஒத்ததோடு சேரும். மினரல் ஆயில் மின்முனைவு (மூலக்கூறில் நேர், எதிர் மின் முனைகள்) இல்லாத திரவம். அதே குணமுள்ள ஈபிடிஎம் போன்ற ரப்பர் வகைகளுக்குள் புகுந்து அவற்றை உப்பவைக்கும். கிளைக்கால் ஈதர் கலந்த டாட் ஆயில் மின்முனைவு உள்ளது. அது நைட்ரைல் என்ற இன்னொரு வகை ரப்பரைக் கெடுக்கும். அதனால் ஷிமானோவின் மினரல் ஆயில் பிரேக்குக்கும், ஸ்ராமின் டாட் ஆயில் மாடல்களுக்கும் ஒரே சிரிஞ்சு ஆகாது. நன்றாகக் கழுவினாலும் ஆகாது. ரப்பர் இடுக்கில் தங்கும் ஓரிரு துளிகள் போய்ச் சேருவது பிரேக்கில் கசிவைத் தடுக்கும் ரப்பர் சீலுக்குத்தான். நான் சிவப்பு, நீல டேப் ஒட்டிப் பிரித்து வைத்திருக்கிறேன்.

ஈர விஷயத்துக்கு வருவோம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே விதி 155 டிகிரியோடு திருப்தி அடைந்துவிடுகிறது. சென்னையில் ஏற்றம் என்றால் மேம்பாலம்தான், அங்கே எந்த பிரேக்கும் அவ்வளவு சூடாகாது. ஆனால் அதே சைக்கிளைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோய் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினால் கதையே வேறு. ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் லீவர் ஹேண்டில்பார் வரை போய்விடும்.

கழுவும் முறை இந்தக் குணங்களிலிருந்தே வருகிறது. டாட் ஆயில் தண்ணீரில் கரையும், ஆகவே பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தண்ணீரும் போதும். பிஸ்டனை முழுதாக உருவிக் கழுவுங்கள். பெயின்ட்டை அரிக்கும் ஆயில் என்பதால் சைக்கிளைத் தள்ளி நிறுத்துங்கள். மினரல் ஆயிலுக்கு முதலில் உலர்ந்த துணி, அப்புறம் சோப்பு. கடைசியில் இரண்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை அலசினால், ஒட்டியிருக்கும் நீரையும் அது கூட்டிக்கொண்டு ஆவியாகும். ஆனால் அது முழுக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டும். 82 டிகிரியிலேயே கொதிக்கும் திரவத்தை பிரேக்குக்குள் விடக் கூடாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கம் போகவே வேண்டாம், ரப்பர் தாங்காது.

குழாய்களை நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள், வெயிலில் பிளாஸ்டிக் இறுகிவிடும். மழை நாளில் ஓர் இரவு போதாது, மின்விசிறி வேண்டும்.

மறுபடி எடுக்கும்போது சிரிஞ்சில் கொஞ்சம் ஆயில் நிரப்பி, முனையை விரலால் அடைத்துப் பிஸ்டனை இழுத்துப் பாருங்கள். ஆயிலில் கரைந்திருந்த காற்று முதலில் குமிழியாக வரும், அது சகஜம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் ஓரத்திலிருந்து நிற்காமல் வந்தால் சிரிஞ்சே காற்றை உள்ளே விடுகிறது என்று அர்த்தம். அது தெரியாமல், பிரேக்கில்தான் காற்று இருக்கிறது என்று ஒரு ஞாயிறு முழுக்க ப்ளீட் செய்திருக்கிறேன்.